இறங்கு பூரான்

எழுத்து என்றால் தருமபுரியில் அன்றைக்கு என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மளிகைக் கடை, சோடாக் கடை, தையல் கடை, வக்கீல் வீட்டு வாசல், எங்கே பலகை தொங்கினாலும் அது முனிராஜ் எழுதியதாகத்தான் இருக்கும். 'ழ'வுக்கு நான் போடும் வளைவைப் பார்ப்பதற்கென்றே பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் சோடாக் கடைப் பக்கம் வந்து போவார். ஆனால் படம் என்று வந்துவிட்டால் என் கை வேறு யாருடைய கையோ ஆகிவிடும்.

முப்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் அது ஊருக்கே தெரிந்துபோனது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் பங்குனிதோறும் மாட்டுச் சந்தை கூடும். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற சென்னப்பன் சந்தை வாசலில் கொட்டகை போடுவார். அந்த வருஷம் கொட்டகை முகப்பில் ஆள் உயரத்துக்குப் பலகை வைக்க ஆசைப்பட்டு, கடைப் பெயருக்குக் கீழே ஒரு ஜோடிக் காளை எழுதித் தரச் சொன்னார். எழுத்தில் கிடைத்த பேர் என் கண்ணை மறைத்திருந்தது. யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன். சந்தைக்கு வந்த குடியானவர்கள் பலகையடியில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "கழுதைக்கு எதுக்குங்க பருத்திக்கொட்டை?" என்று ஒருவர் சென்னப்பனிடமே கேட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் அந்த இரண்டு பிராணிகள் மேலும் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. கடைப் பெயர் மட்டும் மேலே ஜம்மென்று இருந்தது.

"அடுத்த வருசம் சேலத்துல இருந்து ஆளக் கூட்டியாரப் போறேன், முனிராஜு" என்றார் சென்னப்பன். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பாவம் பார்த்துச் சொன்னார்.

"இன்னொரு தடவ எனக்கே குடுங்க மொதலாளி. ஒரு வருசம் இருக்குதில்லீங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குடுக்கறேன். சந்தைக்கு வர்றவன் பாத்து மாடுன்னு சொல்லணும். சொல்லலைன்னா நீ எழுத்தோட நின்னுக்க. படம் எழுதறேன்னு அப்பறம் எவங்கிட்டயும் போயி நிக்காத."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பது உறைத்தது. அந்தப் பலகை நின்றால் நான் படக்காரன். நிற்காவிட்டால் உயிர் போகிற வரைக்கும் 'இங்கு சோடா கிடைக்கும்' எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் மனைவி ராணியம்மாள் நல்லம்பள்ளிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று சாயங்காலம் நான் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க மாட்டப் பாத்திருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது? தெருவெல்லாம் மாடுதானே?"

"முன்னங்காலு முட்டி எந்தப் பக்கம் மடங்கும், சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை.

"காது எங்க இருக்குது? கொம்புக்கு முன்னாடியா, பின்னாடியா, கீழயா?"

அதுவும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து மாட்டு வண்டியில் போய் வந்தவன் நான். வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவேன் போலிருக்கிறது.

"அதான் பாத்தேன். நீங்க மாட்ட எழுதல. மாடுங்கற எழுத்த எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் காரணம்.

மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். தினமும் ஒரு மாடு. பெரிதாக வேண்டாம், உள்ளங்கை அகலம் போதும். படம் எழுதுகிற காகிதம் வேண்டுமென்றால் சேலத்துக்குச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரிலோ ஜவுளிக் கடைக்காரர் கொடுத்த, நாளுக்கொரு தாள் கிழிக்கிற காலண்டர் தொங்கியது. தாளின் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. ஒரு நாளைக்கு ஒரு தாள்தான், கெஞ்சினாலும் இரண்டு கிடைக்காது. அதுவும் நல்லதாகப் போயிற்று. காவி, கரி, சுண்ணாம்பு, துணிக்குப் போடுகிற நீலம், இவற்றை வேலம்பிசினில் குழைத்துச் சிரட்டைகளில் எடுத்துக்கொண்டேன்.

ஊர் எல்லையில் மாதேஸ்வரன் என்ற குடியானவருக்குக் கிணறும் கேழ்வரகுக் கொல்லையும் இருந்தன. விடிந்ததும் அவர் கவலை ஓட்டித் தண்ணீர் இறைப்பார். இரண்டு காளைகளும் கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும், கிணற்றிலிருந்து சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் காளைகள் பின்னாலேயே நடந்து மேட்டுக்கு வரும். நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. மாட்ட வெரட்டாம இருந்தா சரி" என்றார். அதற்குமேல் அந்த வருஷம் முழுக்க அவர் என்னிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

ஒரு பாத்தி நிறைகிற நேரம்தான் என் நேரம் என்று வைத்துக்கொண்டேன். அவர் மடையை மாற்றி அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினால் நான் தூரிகையைக் கழுவிவிட வேண்டும். படம் அரைகுறையாக நின்றாலும் அதோடு சரி. எழுத்துக்காரனுக்கு இது பெரிய தண்டனை. எழுத்தில் ஓரத்தைச் சீவிச் சீவி அழகு பண்ணலாம். அசைகிற மாட்டை அப்படிப் பண்ண முடியாது.

முதல் மாதத் தாள்களை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நாலு குச்சிமேல் வைத்த கத்தரிக்காய் மூட்டை. ராணியம்மாள் ஒவ்வொன்றையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள். "இது நொண்டுது." "இதுக்குக் கழுத்தே இல்ல, தலைய எப்படித் திருப்பும்?" "இது காளையா, செனை மாடா?" ஒரு தாளையாவது சும்மா விட்டாளா என்றால் இல்லை. அப்படிச் சொல்லிவிட்டு, தாளை மடிக்காமல் கொள்ளாமல் பழைய தகரப் பெட்டியில் அடுக்கியும் வைப்பாள்.

அவளுக்கும் எனக்கும் பெரிய சண்டை வந்தது கிருத்திகையால். விடிவதற்கு முன்னால் நான் தாளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டேன். முன்பக்கத்தில் கிருத்திகை என்று போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை, அவளுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது வீடு முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வாசனை. விரதநாளில் தன் கையாலேயே கருவாடு சமைக்க வைத்துவிட்டேன் என்று அவள் மூன்று வேளை என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டாள். காலையில் அவள் தாளைப் படித்து முடித்த பிறகுதான் நான் கிழிக்கலாம்.

இரண்டாம் மாதத்தில் முழு மாட்டை விட்டுவிட்டேன். முன்னங்கால் மட்டும் இருபது நாள். குளம்பு ஏழு நாள். கயிறு இறுகும்போது திமில் ஒரு பக்கம் சாய்கிறது, தளரும்போது நிமிர்கிறது. அது மட்டும் ஒரு மாதம். ஆவணி வாக்கில் ஒரு நாள், காளையின் முதுகுக்கு வெள்ளை எடுக்கப்போன என் கை அப்படியே நின்றது. மாட்டில் வெள்ளை எங்கேயும் இல்லை. வெயில் படாத வயிற்றுப் பக்கம் லேசான நீலம், தோளில் பழுப்பு, முதுகில் வெயில் பட்ட இடம் வெண்ணெய் நிறம். வெள்ளை மாடு என்று நாற்பது வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு உண்டான சந்தோஷத்தில் பாத்தி நிறைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"என்ன இது, மாட்டுக்கு நீலம் போட்டு வெளுத்திருக்கீங்க?" என்றாள் ராணியம்மாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கிணறு நிரம்பியது, கவலை ஓட்டம் நின்றது. அதோடு என் ஊக்கமும் நின்றது. அதுவரை ஏறிக்கொண்டிருந்த கை எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. ஒரு மாதமாக எல்லாத் தாளும் ஒரே மாதிரி, எல்லாத் தாளும் சுமார். சேலத்து ஆள் பிறவியிலேயே படக்காரனாக இருப்பான், நான் எதற்கு மல்லுக்கட்டுகிறேன் என்று தோன்றிவிட்டது. நாலு நாள் தூரிகையைத் தொடவில்லை.

ஐந்தாம் நாள் காலை ராணியம்மாள் காலண்டருக்குக் கீழே நின்றுகொண்டு சொன்னாள். "ஊருக்கெல்லாம் வெள்ளிக்கெழம. நம்ம வூட்ல மட்டும் இன்னம் திங்கக்கெழம."

"நீயே கிழிச்சுக்கறதுதானே?"

"அது உங்க வேல. நான் ஏன் கிழிக்கறேன்?"

நான் எழுந்து ஐந்து தாளையும் சேர்த்துக் கிழித்தேன். மழைக்குச் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு மாதேஸ்வரன் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். காளைகள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அசையாமல் படுத்திருக்கிற மாட்டை நான் அதுவரை எழுதியதே இல்லை. எலும்பு எங்கே இருக்கிறது, அதன்மேல் தோல் எப்படிச் சரிகிறது என்பதெல்லாம் அந்த மழை நாட்களில்தான் எனக்குப் புரிந்தது. முட்டிக்கொண்டு நின்றதாக நான் நினைத்த கை, மார்கழிக்குள் மறுபடி நகர ஆரம்பித்திருந்தது. புது வருஷத்துக் காலண்டரும் வந்தது.

மாசிக் கடைசியில் சென்னப்பன் தன் கிடங்கில் பலகையைச் சாத்திக் கொடுத்தார். கதவை மூடிக்கொண்டு பதினோரு நாள் எழுதினேன். ராணியம்மாளைக்கூட உள்ளே விடவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் எழுதியதையெல்லாம் அழித்துவிடுவேன் என்று பயம். சரிவில் இறங்குகிற இரண்டு காளைகளையும் பின்னாலிருந்து, சற்று மேலேயிருந்து பார்க்கிற மாதிரி, அவை தலையை உட்பக்கம் திருப்பியிருக்க எழுதினேன். கிணற்று மேட்டிலிருந்து நான் பார்த்தது அப்படித்தான். வலது மாட்டின் முதுகுத்தண்டில் திமிலுக்குப் பின்னால் ஒரு சின்னச் சுழியும், அதிலிருந்து வால் பக்கமாக மயிர் ஒரு கோடாகப் படிந்து இறங்குவதும் உண்டு. காலை வெயிலில் அந்தக் கோடு மினுங்கும். உள்ளங்கைத் தாளில் அதற்கு இடமில்லை, பெரிய பலகையில் இருந்தது. ஆசை ஆசையாக அதை எழுதினேன்.

சந்தையன்று பொழுது விடியும்போதே பலகை ஏறிவிட்டது. நான் பருத்திக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதை ஒளிந்துகொண்டேன் என்றும் சொல்லலாம். ராணியம்மாளும் வந்திருந்தாள். பலகைக்கு முன்னால் இடுப்பில் கூடையோடு நின்றாள், பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் கொட்டகை ஓரமாக ஒதுங்கிவிட்டாள். பதினோரு மாதத்தில் ஒரு தாளுக்குக்கூட வாயை மூடாதவள் அவள்.

ஜனம் வர ஆரம்பித்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. நின்று பார்க்கிறார்கள், போகிறார்கள். நிஜ மாடுகளும் ஒன்றும் ஏமாந்துவிடவில்லை, அவை மூட்டையைத்தான் பார்த்தன. போன வருஷம் சிரித்தாவது தொலைத்தார்கள், இது அதைவிட மோசமாக இருந்தது. சென்னப்பன் என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்.

அப்போது அரூர்த் தரகர் சென்றாயன் வந்தார். அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் தலையசைக்காமல் நல்ல மாடு கைமாறாது. தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. விலை பேசும்போது அந்தத் துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத் தொகையைச் சொல்லுவார். வெளியே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பலகைக்கு முன்னால் நின்றார். கண்ணைச் சுருக்கினார். கிட்டே வந்து, அண்ணாந்து, வலது மாட்டின் முதுகையே வெகு நேரம் பார்த்தார்.

"சென்னப்பா" என்றார். "இது யாரு மாடு? எறங்கு பூரான் இருக்குது."

சென்னப்பன் முகம் வெளுத்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர்தான் சொன்னார். முதுகில் பூரான் மாதிரி மயிர்க்கோடு இருந்து, அது திமிலைப் பார்க்க ஏறினால் ஏறு பூரான், அந்த மாட்டை வாங்கிய குடும்பம் விளங்கும். வாலைப் பார்க்க இறங்கினால் இறங்கு பூரான், குடும்பமும் இறங்கிவிடும். அதை ஓசியில் கொடுத்தாலும் ஒருவன் கயிற்றைத் தொடமாட்டான். எழுத்துக்காரனான எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நான் வெயில் மினுங்குகிற அழகை எழுதியதாக நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் மாதேஸ்வரனிடம் இதைக் கேட்டபோது, "தெரியுங்க. அதனாலதான் எவனும் கேக்காம எங்கிட்டயே இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றில் சாலை இறக்கினார்.

தரகர் சொன்னது பரவியதும் கொட்டகை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. "ஆமா, எறங்குது பாரு." "இந்த மாட்டப் பாத்துட்டா சந்தைக்குள்ள போறது?" இரண்டு பேர் திரும்பியே போய்விட்டார்கள். சென்னப்பன் ஓடிவந்து மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து என்னைப் பிடித்து இழுத்தார்.

"ஏறு, ஏறு. அத ஏறு பூரானா மாத்து. சீக்கிரம்."

பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் கொடுத்து, ஒரு பீப்பாயின்மேல் என்னை ஏற்றிவிட்டார். நாலு இழுப்பு போதும், மயிர் திசை மாறிவிடும். நான் தூரிகையைத் தூக்கினேன்.

"யோவ், கைய எடு" என்றார் சென்றாயன். குரல் பெரிதாக இல்லை, ஆனால் கூட்டம் அடங்கிவிட்டது. "சுழிய மாத்தற வேலையெல்லாம் இந்தச் சந்தையில ஆவாது."

கூட்டத்தில் எல்லோரும் அவர் பக்கம் பேசினார்கள். மாட்டு மயிரைத் தீய்த்தும் பிசின் வைத்து ஒட்டியும் சுழியை மாற்றி விற்கிற திருட்டுப் பேர்வழிகள் உண்டாம். அப்படி மாட்டிக்கொண்டவனை ஏரிக்கரை முழுக்க ஓட ஓட விரட்டுவார்களாம். "எல்லாரும் பாத்துட்டு இருக்கறப்பவே மாத்தறானே" என்று ஒருவர் என்னைக் காட்டிச் சொன்னார்.

சென்னப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அட, அது படம்யா! பெயின்டுய்யா! மாடு இல்லய்யா!"

பீப்பாயின்மேல் நின்றபடியே நான் தூரிகையை இறக்கினேன். அவர் வாயிலிருந்து இதைக் கேட்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கடை போனால் போகட்டும், பலகை போனால் போகட்டும், எனக்கு அழுகை வந்தது. மோசமாக எழுதிய மாட்டுக்கு எவன் சுழி பார்ப்பான்?

"படமோ மாடோ, சுழி சுழிதான்" என்றார் சென்றாயன். "வேணும்னா மாட்ட மாத்திக்குங்க. சுழிய மாத்தாதீங்க."

சென்னப்பன் மாட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். வலது மாட்டை அன்றைக்குச் சாக்குப் போட்டு மூடுவது, அவர் தன் மச்சான் வீட்டு மாட்டைக் கொண்டுவந்து கட்டுவது, நான் அதைப் பார்த்து அந்த இடத்தில் வேறு மாடு எழுதுவது என்று பேச்சாயிற்று. "நாளைக்கே வந்துரு. சேலத்தான் எவனும் வர வேணாம்" என்றார் எரிச்சலோடு. கூட்டம் கலைந்தது. நான் பீப்பாயிலிருந்து இறங்கினேன்.

சென்றாயன் மட்டும் போகவில்லை. இடது மாட்டைக் கொம்பிலிருந்து வால்வரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, பெயின்ட் அப்பிய என் கையைப் பிடித்து, அதன்மேல் பச்சைத் துண்டைப் போட்டு மூடினார்.

"எடது மாடு சுழி சுத்தமா இருக்குது" என்றார் காதோடு. "எந்த ஊருன்னு சொல்ல வேணாம். வெலைய மட்டும் பேசு." துண்டுக்குள்ளே என் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். நான் பேசாமல் நின்றேன். மூன்றாவது விரலையும் சேர்த்துப் பிடித்தார். எத்தனையோ எழுத்து எழுதியவன் நான், அந்த விரல் பாஷை எனக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. கண்ணில் நீர் தளும்பியது, துடைக்கலாம் என்றால் கை துண்டுக்குள் இருந்தது.

கொட்டகை ஓரத்திலிருந்து ராணியம்மாள் வந்தாள். கூடையை இறக்கி வைத்தாள். பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தரகரிடம் திரும்பினாள்.

"அது விக்கற மாடு இல்லீங்க" என்றாள்.